கொல்லிப்பாவை சிரிச்சா ஆள் செத்துடுவானா?

12 ஜூலை

வந்த கேள்வி இது, அப்படியே போடுறேன்: “ஜூன் லீவுல பிள்ளைங்களோட கொல்லிமலை போயிட்டு வந்தோம். கைடு சொன்னாரு, அங்க இருக்கிற ஜனங்க மலையாளிங்களாம், கேரளாவுல இருந்து மந்திரத்தோட வந்தவங்களாம். காட்டுக்குள்ள ஒரு பொம்மை இருக்காம், அது சிரிச்சா ஆளு அங்கேயே காலியாம், அதனாலதான் கொல்லிமலைன்னு பேராம். உண்மையா?”

12 ஜூலை, ராத்திரி

இல்ல. இல்ல. இல்ல. மூணுக்கும் இதான் பதில்.

மலையாளின்னா அங்க மலை ஆளி, மலையில இருக்கிறவன், மலையை ஆளுறவன். அவங்க பேசுறது தமிழ். பேருக்குப் பின்னாடி கவுண்டர்னு போட்டுக்குவாங்க. தமிழ்நாட்டுல பழங்குடிப் பட்டியல்ல இருக்கிறவங்கள்ல எண்ணிக்கையில பெரிய கூட்டமே இவங்கதான். சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது எல்லா இடத்துலயும் இருக்காங்க. கேரளாவுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா எங்க அப்பா ஊரு சேந்தமங்கலம் பக்கம், மலைக்கு நேர் கீழ. வாசல்ல நின்னா மலைதான் தெரியும். 72 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் மேல போகணும். நாளைக்கு மிச்சத்தை எழுதுறேன், காலையில ஆறு மணி ஷிஃப்ட்.

13 ஜூலை

70 வளைவு. 72 இல்ல. காரவள்ளியில ஆரம்பிச்சு சோளக்காடு வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு பலகை இருக்கும், என் பொண்ணு சின்ன வயசுல எண்ணிக்கிட்டே வந்து 31ல வாந்தி எடுத்துட்டா, அதுக்கப்புறம் நான்தான் எண்ணினேன், தப்பா எண்ணியிருக்கேன் போல.

அவ அப்ப கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு. “புக்கிட் திமாவை விட பெருசாப்பா?” நம்ம சிங்கப்பூர் புக்கிட் திமா குன்று 163 மீட்டர் சொச்சம், அதுக்கே ஞாயித்துக்கிழமை தண்ணி பாட்டில், குச்சி, தொப்பின்னு கிளம்புறோம். கொல்லிமலை ஆயிரத்துல இருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர். ஆறேழு புக்கிட் திமாவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். மேல போனா மொட்டைப் பாறை கிடையாது, வயலு, வீடு, பள்ளிக்கூடம், சந்தைன்னு ஒரு நாடே இருக்கு. நாடுன்னு சும்மா சொல்லல, அவங்க கணக்குல மொத்தம் 14 நாடு: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு இப்படிப் போகும். கீழ இருந்து பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு மலை, மேல இருக்கிறவனுக்கு பதினாலு நாடு.

14 ஜூலை

ஒருத்தர் கேட்டிருக்காரு, “மலையாளிங்க கேரளா இல்லன்னா எங்க இருந்து வந்தாங்க, மலையிலேயே முளைச்சாங்களா?”ன்னு. நக்கலாத்தான் கேட்டிருக்காரு, ஆனா நல்ல கேள்வி.

அவங்களே சொல்லிக்கிற கதையில அவங்க காஞ்சிபுரம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு அண்ணன் தம்பி காஞ்சியை விட்டு கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில தங்கிட்டாங்க. மூத்தவருக்கு சேர்வராயன்னு பொதுவா சொல்வாங்க, மத்த ரெண்டு பேருக்கும் எந்த மலைன்னு ஆளாளுக்கு மாத்திச் சொல்வாங்க. அந்தந்த மலைக்காரங்க அவங்கவங்க ஆளைக் கொஞ்சம் ஒசத்தி வைக்கத்தானே செய்வாங்க, எங்க வீட்டுலயும் அப்பா பக்கம் கதையில பெரியப்பா எப்பவுமே வில்லன்.

எனக்கு இந்தக் கதையில ஒரு விஷயம்தான் பிடிக்கும். வந்தவங்கதான்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. நாங்க முளைச்சோம்னு சொல்லல.

16 ஜூலை

நேவல் பேஸ் கதையை இங்க சொல்லியே ஆகணும்.

எங்கப்பா இங்க சிங்கப்பூர்ல, செம்பவாங்ல, பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல (கடற்படைத் தளம்) வேலை பார்த்தவரு. 1971ல வெள்ளைக்காரன் மூட்டை கட்டினப்ப நான் கைக்குழந்தை. செம்பவாங் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துல அங்க கேரளாக்காரங்க எவ்ளோ பேர்னு. எங்க குவார்ட்டர்ஸ்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவங்கதான். அப்பா ஒருநாள் கோப்பிக்கடையில பெருமையா “எங்க ஊரு மலையிலயும் மலையாளிங்க இருக்காங்கண்ணே”ன்னு சொல்லி வச்சிருக்காரு. பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். ஏது ஜில்லா, ஏது வீடுன்னு விசாரிச்சு, அடுத்த தடவை கப்பல்ல ஊருக்குப் போனப்ப திரும்புற வழியில சேலத்துல இறங்கி பஸ் புடிச்சு சேந்தமங்கலம் வரைக்கும் போயிட்டாரு மனுஷன். சந்தையில மலையாளி ஒருத்தரைக் காட்டியிருக்காங்க, இவர் மலையாளத்துல பேச, அவர் “ஏனுங்க, தமிழ்ல சொல்லுங்க”ன்னு சொல்ல, ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுப் பிரிஞ்சாங்களாம். திரும்பி வந்து ஒரு மாசம் அப்பாகிட்ட பேசல.

அதனால கைடை ரொம்பத் திட்ட வேணாம்னு இப்ப தோணுது. இந்தக் குழப்பம் எங்க வீட்டுலயே ஓடியிருக்கு.

17 ஜூலை

12ந்தேதி எழுதினதுல ஒண்ணைத் திருத்தணும். “கேரளாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது”ன்னு அடிச்சு விட்டேன். ஜனங்களைப் பொறுத்தவரை சரி. மலையைப் பொறுத்தவரை அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாது.

கொல்லிமலை வல்வில் ஓரியோடது. கடையெழு வள்ளல்ல ஒருத்தன். அவனை முள்ளூர் மன்னன் காரி கொன்னு, மலையைச் சேரன் கையில கொடுத்துட்டான், அகநானூறு 209ல இருக்கு. அதுக்கப்புறம் பாட்டுல சேரனைக் கொல்லிக்கு உடையவன்னே சொல்றாங்க. அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு குலசேகர ஆழ்வார் தன்னைத்தானே “கொல்லி காவலன்”னு சொல்லிக்கிறாரு. சேரன்னா பின்னாடி கேரளா. ஆக மலைக்கு ஒரு காலத்துல மேற்கால இருந்து ராஜா உண்டு.

பேரும் அப்படித்தான். மலைங்கிற ஒரே வேர்ல இருந்துதான் ரெண்டு கூட்டத்துக்கும் பேரு வந்திருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் மலையாளி, மலை மேல இருக்கிறவனும் மலையாளி. சொந்தம் கிடையாது, பேர் ஒத்துப்போச்சு, அவ்ளோதான்.

(செம்பவாங் அங்கிள் இருந்திருந்தா இதைப் படிச்சுட்டு இன்னொரு மாசம் பேசாம இருந்திருப்பாரு.)

17 ஜூலை, கொஞ்ச நேரம் கழிச்சு

கொள்ளிமலைன்னு எழுதுறவங்களே, கொள்ளின்னா எரியுற கட்டை. இது கொல்லி, ல. இதே பேர்ல ஒரு பழைய தமிழ்ப் பண்ணே இருக்கு, தேவாரம் பாடுறவங்களைக் கேட்டுப் பாருங்க. கொல்றதுனால கொல்லின்னா அந்தப் பண்ணைக் கேட்டவன் எல்லாம் செத்திருக்கணும்.

20 ஜூலை

இப்ப பாவை.

எங்க அப்பாயி சொல்லித்தான் எனக்கு இந்தக் கதை. எனக்கு எட்டு வயசு, இங்க இருந்து லீவுக்குப் போயிருந்தேன். கரண்டு போன ராத்திரி, திண்ணை, எதிர்ல கருப்பா மலை. “தேவருங்க செஞ்சு வச்ச பொம்மை சாமி அது. ஆளு வாடை பட்டா திரும்பிப் பாக்கும். கண்ணை உருட்டும். சிரிக்கும். சிரிச்சதைப் பாத்தவன் திரும்ப மாட்டான்.” அப்பாயி சிரிச்சே காட்டுவாங்க, பல்லு இல்லாம. நான் மூணு நாள் வெளிய ஒண்ணுக்குப் போகல. அப்பாயிக்கு அந்த மலை அத்துப்படி, எத்தனையோ தடவை போயிருப்பாங்க, அதனால அவங்க சொன்னா எனக்கு அப்ப வேதம்.

பெருசாகி, பழைய பாட்டுல என்ன இருக்குன்னு தேடிப் பார்த்தப்பதான் எனக்கு உதைச்சது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, எல்லாத்துலயும் கொல்லிப்பாவை வருது. தெய்வம் செஞ்ச பாவை, பூதம் செஞ்ச பாவை, மலையோட மேற்குச் சரிவுல இருக்குன்னு இடம்கூட சொல்றாங்க. ஆனா நான் பார்த்த பாட்டுல ஒண்ணுலயும் அது ஆளைக் கொல்லல! காதலி அவ்ளோ அழகுன்னு சொல்றதுக்குத்தான் பாவையைக் கூப்பிடுறாங்க. நற்றிணை 201ல, காத்து அடிச்சாலும் இடி விழுந்தாலும் பூமியே ஆடினாலும் அவ உருவம் மாறாதுன்னு வருது. மாறாத ஒண்ணு. அதுதான் அவளோட பெருமை. சிரிப்பு, கொலை எல்லாம் பின்னாடி யாரோ சேர்த்தது.

21 ஜூலை

“குறுந்தொகையில பேய்னு வருதே”ன்னு ஒருத்தர் மடக்கியிருக்காரு. சரிதான், 89ல “பேஎம் முதிர் கொல்லி”ன்னு பரணர் சொல்றாரு, அச்சம் நிறைஞ்ச மலைன்னு அர்த்தம். ஒத்துக்குறேன், பயம் அப்பவே இருந்திருக்கு. ஆனா பாருங்க, பயம் மலைக்குத்தான், அதுக்கு ரெண்டு அடி தள்ளி பாவை “நல்லியல் பாவை”. நல்லவ.

24 ஜூலை

நேத்து தேக்கா மார்க்கெட்ல பலாப்பழம் வாங்கினேன். மலேசியப் பழம், சொளை சொளையா பிரிச்சு பிளாஸ்டிக் பெட்டியில போட்டு ஐஸ் மாதிரி வச்சிருக்கான். மலாய்ப் பேர்ல நங்கான்னு வாங்குற பழக்கமாகி பலாங்கிற பேரே எங்க வீட்டுல மறந்து போச்சு. இதை ஏன் சொல்றேன்னா அந்தப் பழைய பாட்டுக்காரங்க கொல்லியைச் சொன்னாலே “செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி”ன்னு ஒரே அச்சுல சொல்றாங்க, அகத்துலயும் அதே வரி, நற்றிணையிலயும் அதே வரி. செவந்த வேர் இருக்கிற பலா. ரெண்டாயிரம் வருஷமா அந்த மலைக்கு விளம்பரம் பலாப்பழம்தான்.

சோளக்காடு சந்தையில இன்னிக்கும் அதேதான். பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு. நாங்க போனப்ப ஒரு பெரியம்மா, அறுபது எழுபது வயசிருக்கும், மரத்தடியில பழத்தைக் கூறு போட்டு வித்துக்கிட்டிருந்தாங்க. பொண்ணு பக்கத்துல நிக்கிறா, நான் தைரியமா கேட்டேன், “பெரியம்மா, பாவை சிரிச்சா ஆளு செத்துடுவாங்கன்னு சொல்றாங்களே, நீங்க போயிருக்கீங்களா?” அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. “எட்டுக்கை அம்மனையா கேக்குற? போன வாரம்தான் பொங்க வச்சுட்டு வந்தேன். அது எங்க அம்மாயி மாதிரி. சிரிக்காம பின்ன அழுவுமா?”

கூறு அம்பது ரூபா. பேரம் பேச வாய் வரல.

24 ஜூலை, ராத்திரி

அந்தப் பெரியம்மா சொன்னதுல இருந்து எனக்கு ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு, சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க. பயமுறுத்துற கதை எல்லாமே கீழ இருந்து சொன்ன கதை. மலையைத் தூரத்துல வச்சுப் பார்க்கிறவன், ராத்திரி மேல தெரியுற நெருப்பைப் பார்த்து பேய்ங்கிறான். மேல இருக்கிறவனுக்குத் தெரியும், அது எங்க மாமன் காடு எரிக்கிறான்னு. மந்திரம், மூலிகை, சித்தர் குகை, இதெல்லாம் கீழ இருந்து போறவனுக்குத்தான் விக்குது. இங்க சிராங்கூன் ரோட்டுல ஒரு டூர் நோட்டீஸ் பார்த்தேன், அதுல “மர்ம மலை”ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். சந்தைக்கு வாழைத்தார் சுமக்கிற ஜனங்களுக்கு என்ன மர்மம்?

26 ஜூலை

நமக்குப் பழக்கமான கதைதானே இது. ஃபோர்ட் கேனிங்கை எடுத்துக்கோங்க. புக்கிட் லாராங்கான், ஏறக்கூடாத மலை. பழைய ராஜாக்களோட ஆவி இருக்குன்னு 1819ல வெள்ளைக்காரன் வந்தப்ப இங்க இருந்த மலாய்க்காரங்க ஏற மறுத்தாங்கன்னு படிச்சிருக்கோம். அந்த மலை மேல ஒரு காலத்துல அரண்மனை இருந்துச்சு, குடியிருந்தவங்க இருந்தாங்க, அவங்க போன அப்புறம்தான் அது பயம் ஆச்சு. இப்ப அங்க கல்யாண ஃபோட்டோ எடுக்குறாங்க.

ரெட்ஹில் கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கூர்மூக்கு மீனுங்க கரையில பாஞ்சு ஜனங்களைக் குத்திக் கொல்ல, ஒரு சின்னப் பையன் வாழைத்தண்டை வரிசையா நிறுத்துன்னு யோசனை சொல்ல, மீன் எல்லாம் தண்டுல குத்தி மாட்டிக்குது. இவ்ளோ புத்திசாலியை விட்டு வச்சா நமக்கு ஆபத்துன்னு ராஜா அந்தப் பையனையே கொன்னுடுறான், ரத்தம் ஓடி மலை செவந்துடுது. எம்ஆர்டியில ரெட்ஹில் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான். அங்க சிவப்பு மண்ணுல ரத்தம், கொல்லியில செவ்வேர்ல பலாப்பழம். சரி விடுங்க, இழை எங்கயோ போகுது.

27 ஜூலை

மீன்னு சொன்னதும் அறப்பளீஸ்வரர் கோயில் ஞாபகம் வந்துச்சு. மலை மேல, ஐயாறு பக்கத்துல, ஆகாய கங்கை அருவிக்கு இறங்குற இடத்துல இருக்கு. ஆத்துல மீன் புடிச்சு வெட்டிக் குழம்பு வைக்கப் போனாங்களாம், வெட்டின துண்டெல்லாம் ஒட்டிக்கிட்டு துள்ளி ஆத்துக்கே போயிடுச்சாம். அதனால அங்க மீனுக்குப் பொரி போட்டுட்டுத்தான் சாமி. நம்ம ஊர் மீன் ஆளைக் கொல்லுது, அங்க மீன் உயிரோட திரும்பிப் போகுது.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்கிடலாம். ஏறும்போதுதான் மாசி பெரியண்ணன் ஞாபகத்துக்கு வருவாரு (எங்க குலதெய்வம், அவரும் அதே மலை மேலதான்).

2 ஆகஸ்ட்

இன்னிக்கு அங்க வல்வில் ஓரி விழா. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசாங்கமே நடத்துது, செம்மேட்டுல குதிரை மேல ஓரி சிலை இருக்கு, அதுக்கு மாலை போடுவாங்க. சித்தப்பா பையன் வீடியோ அனுப்பினான், ஒரே கூட்டம், மைக் சத்தத்துல ஒண்ணும் புரியல.

ஓரி கதையை இன்னும் சொல்லல இல்ல. ஒரே அம்புல யானை, புலி, மான், கரடி நாலையும் அடிச்சவன். அம்பு ஒண்ணை ஒண்ணு துளைச்சுப் போயிக்கிட்டே இருக்குமாம்.

3 ஆகஸ்ட்

கரடி இல்ல. மன்னிச்சுக்கோங்க, மூணு பேரு திருத்திட்டீங்க. புறநானூறு 152ல யானை, புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி, கடைசியா புத்துல இருந்த உடும்பு. அஞ்சு. உடும்புதான் எனக்குப் பிடிச்சது, யானையில ஆரம்பிச்சு உடும்புல வந்து நிக்குது பாருங்க, பாட்டெழுதினவருக்கு நக்கல் ஜாஸ்தி.

ஆனா அம்பை விட அதுக்கு அப்புறம் வர்றதுதான் விஷயம். வன்பரணரும் அவர் கூட்டமும் காட்டுல ஒரு வேடனைப் பார்க்குறாங்க, யாருன்னே தெரியாது. ஆள் தோரணையைப் பார்த்துப் பாடுறாங்க. ஓரி பேரைச் சொன்னதும் அவன் வெக்கப்படுறான். அப்புறம் மான் கறி, நெய் மாதிரி கள்ளு, அதுக்கும் மேல பொன்னும் மணியும் குடுக்குறான். அவன்தான் ராஜா. மலைக்கு ஏறிப் போனவன் பார்த்தது இது. பேய் இல்ல, கூச்ச சுபாவமுள்ள ஒரு ஆளு கறி வச்சுக்கிட்டு.

அவனைக் கொன்னவனும் அந்த மலைக்காரன் இல்ல, வெளியில இருந்து வந்த காரி. காரியும் கடையெழு வள்ளல்ல ஒருத்தன்னா பார்த்துக்கோங்க. ரெண்டு பேரும் குதிரைக்குத் தன் பேரையே வச்சிருந்தாங்க, காரியோட குதிரை காரி, ஓரியோட குதிரை ஓரி. சண்டைக்களத்துல “ஓரி விழுந்துட்டான்”னு யாராவது கத்தியிருந்தா குதிரையா ராஜாவான்னு குழம்பியிருப்பாங்க.

9 ஆகஸ்ட்

தேசிய தினம், லீவு. வானத்துல விமானம் சத்தம், வீட்டுல மரவள்ளிக்கிழங்கு வெந்துக்கிட்டிருக்கு.

எங்க அம்மா பக்கத்து அம்மாயி இங்கேயே வளர்ந்தவங்க. ஜப்பான்காரன் காலத்துல, 1942ல இருந்து 45 வரைக்கும், ஊபிக்காயுதான் (மரவள்ளிக்கு மலாய்ப் பேரு) சோறு, ஊபிக்காயுதான் பலகாரம். சாகுற வரைக்கும் அவங்க மரவள்ளியைத் தொடல. அதே கிழங்கை ஊர்ல குச்சிக்கிழங்குன்னு சொல்றோம், கொல்லிமலையில அதுதான் இப்ப காசுப் பயிர். கீழ நாமக்கல், சேலம் பக்கம் சேகோ ஆலைங்க வாங்குது, நம்ம பாயசத்துல போடுற ஜவ்வரிசி எல்லாம் அதுதான். அது வந்ததுல இருந்து மலையில சாமையும் தினையும் பனிவரகும் குறைஞ்சு போச்சு. முன்னாடி வீட்டுக்கு வீடு சாமைச் சோறு. சாமையைக் குத்திப் புடைக்கிற வேலை பூரா பொம்பளைங்க தலையில, அதனால குச்சிக்கிழங்கு வந்தப்ப அவங்களுக்கு நிம்மதியாவும் இருந்திருக்கும், அதையும் சொல்லணும். இப்ப நாம தேக்காவுல சர்க்கரை வியாதிக்கு சாமை பாக்கெட் வாங்குறோம், என்னா விலை!

இதுக்கும் பாவைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. மலையில நிஜமா மாறினது இதுதான், எந்தக் கைடும் சொல்ல மாட்டான்.

17 ஆகஸ்ட்

ஒரு திருத்தம் இருக்கு, எழுதக் கொஞ்சம் சங்கடமா இருக்கு.

அத்தைக்கு வாட்ஸ்அப்ல பேசினேன். எண்பத்தொரு வயசு, சேந்தமங்கலத்துலதான் இருக்காங்க. இந்த இழையில எழுதினதை எல்லாம் வாசிச்சுக் காட்டினேன். பெரியம்மா கூறு போட்ட இடத்துல சிரிச்சாங்க. அப்பாயி எத்தனையோ தடவை மலைக்குப் போயிருப்பாங்கன்னு நான் எழுதினதை வாசிச்சதும் நிறுத்தச் சொன்னாங்க.

“யாரு, எங்கம்மாவா? அது ஒரு தடவைகூட மேல போனதில்லடா. குலசாமிக்குக் கூட கீழயே நின்னு கும்புட்டுக்கும். ஆம்பளைங்கதான் கெடா ஓட்டிக்கிட்டு மேல போவாங்க. எனக்குப் பயம், நான் வல்லன்னுடும்.”

“அப்ப பாவை கண்ணை உருட்டுறது, சிரிக்கிறது எல்லாம்?”

“அது அதுக்கு அவங்க அம்மா சொன்னது.”

“அவங்க போயிருக்காங்களா?”

“அவங்க எங்கடா போனாங்க, அவங்க ராசிபுரம்.”

டிசம்பர்ல போறதா இருக்கேன், அத்தையையும் கார்ல ஏத்தி சோளக்காடு வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம்னு. முதல்ல மாட்டேன்னாங்க, தலை சுத்தும், எழுபது வளைவுன்னாங்க. ஃபோனை வைக்கும்போது, வரும்போது கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா, பெருசு, ஒண்ணு வழிக்கு, ஒண்ணு அந்தப் பழக்காரிக்குன்னு சொன்னாங்க.